மாட்டுக் காலுக்கு ஒரு ஃபிஷ் பிளேட்

மாட்டுக்குக் கால் ஒடிந்தால் அதன் கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்த கிராமத்திலும் அப்படித்தான். நாட்டு வைத்தியர் வந்து இரண்டு மூங்கில் பிளாச்சை வைத்துக் கட்டிவிட்டுப் போவார். கூடினால் மாடு. கூடாவிட்டால் மறுவாரமே தரகர் வாசலில் வந்து நிற்பார். மனிதனுக்குக் கம்பியும் பிளேட்டும் வைத்து எலும்பைச் சேர்ப்பது போலவே மாட்டுக்கும் எருமைக்கும் செய்கிறார்கள் என்பதும், அது நாம் குடியிருக்கும் இதே பரேலியில் நடக்கிறது என்பதும் நம் சங்கத்து அன்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது.

இஸ்ஸத்நகர் என்றால் நமக்கு ரயில்வே காலனி, டி.ஆர்.எம். ஆபீஸ், ஒர்க்‌ஷாப். அதே இஸ்ஸத்நகரில்தான் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. 1889-இல் புனேயில் தொடங்கி, 1893-இல் குமாவூன் மலைமேல் முக்தேசுவருக்குப் போய், 1913-இல் இங்கே கிளை விட்ட பழைய ஸ்தாபனம். அதன் மதில் ஓரமாக எத்தனையோ வருஷம் ஜீப்பிலும் ஸ்கூட்டரிலும் போய் வந்திருக்கிறேன். உள்ளே காலடி வைத்தது ரிடையர் ஆன பிறகுதான்.

நான் டாக்டர் அல்ல. சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, 38 வருஷம் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்தியவன். ஆனால் பாரம், இரும்பு, இணைப்பு என்ற மூன்றும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். மாட்டின் ஒடிந்த காலில் இருப்பதும் இந்த மூன்றும்தான் என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட ஆச்சரியமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ரயில்வேக்காரர்களுக்கு சி.ஆர்.ஓ. என்ற மூன்றெழுத்து நன்றாகப் பழக்கம். கேட்டில் ரன் ஓவர், அதாவது மாடு வண்டியில் அடிபட்டது. கண்ட்ரோலிலிருந்து செய்தி வந்தால் ஆளை அனுப்பிப் பாதையைச் சரிபார்க்க வேண்டும், எத்தனை நிமிஷம் தாமதம் என்று கணக்குச் சொல்ல வேண்டும். மாடு என்ன ஆயிற்று என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. 2022 அக்டோபரில் அகமதாபாத் அருகே வந்தே பாரத் ரயில் எருமைகள் மீது மோதியபோது கூட, நாம் பத்திரிகையில் பார்த்தது நசுங்கிய முகப்பின் படத்தைத்தான். ரயிலில் அடிபட்ட மாடு பிழைப்பது அரிது, அதை விட்டுவிடுவோம். மாட்டுக்குக் கால் ஒடிய ரயில் தேவையில்லை. மூடாத சாக்கடை போதும். சாணி மூத்திரத்தில் வழுக்கும் சிமெண்ட் தரை போதும். வேகமாக வரும் மோட்டார் சைக்கிள், இன்னொரு மாட்டின் முட்டு, கன்று போடும் நேரத்தில் நாலு பேர் சேர்ந்து முரட்டுத்தனமாக இழுப்பது, இவை எல்லாமே போதும்.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு நேர்ந்தது சாக்கடை. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம். பத்து மாதக் கலப்பினக் கிடேரி, எடை 160 கிலோவாவது இருக்கும். சிலாப் உடைந்த இடத்தில் பின்னங்கால் உள்ளே போய், அது பயந்து துள்ளியதில் கால் முறிந்துவிட்டது. "இன்ஜினியர் சாப், நீங்கள் கூட வாருங்கள். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசுவார்கள்" என்று கூப்பிட்டார். கூடப் போனேன்.

போன இடத்தில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். அந்த நிலையம் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. நாடெங்கிலுமிருந்து மேல்படிப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அன்று பாலிகிளினிக்கில் இருந்த இளம் டாக்டர்களில் ஒருவர் நம் நாமக்கல் பக்கத்துப் பிள்ளை. நான் பால்காரரிடம் பேசிய ஹிந்தியைக் கேட்டதுமே, "சார், நீங்க தமிழா?" என்றார். நம் ஹிந்தி அப்படி! அதற்குப் பிறகு எனக்குப் புரிந்ததெல்லாம் அந்தத் தம்பி தமிழில் சொல்லிப் புரிந்ததுதான்.

முதலில் அவர் என்னைத் திகைக்க வைத்தது மாட்டின் கால் அமைப்பைச் சொல்லித்தான். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டாம். பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக் கொண்டு தெரியும் மூட்டு அதன் குதிகால். அந்த மூட்டுகளுக்குக் கீழே நீளமாக இறங்கும் ஒற்றை எலும்பு, நம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள எலும்புகளில் மூன்றாவதும் நான்காவதும் ஒட்டி ஒன்றானது. இரண்டு குளம்பும் இரண்டு விரல் நுனிகள். ஆக, அரை டன் எடையுள்ள எருமை விரல் நுனியில் நடந்து போகிறது!

மாட்டுக்கு ஏற்படும் நீண்ட எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய பாதி, அந்த ஒற்றை எலும்பில்தான் வருகிறதாம். அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். தோல் கிழியாமல் முறிந்திருந்தால், கீழ் மூட்டையும் மேல் மூட்டையும் சேர்த்து மாவுக்கட்டோ ஃபைபர் கிளாஸ் கட்டோ போட்டு, பெரும்பாலும் கத்தியே வைக்காமல் கூட்டிவிடலாம். கன்றுக்கு ஐந்தாறு வாரம், வளர்ந்த மாட்டுக்கு இரண்டு மூன்று மாதம். ஆனால் அதே இடத்தில் எலும்பை மூட சதை கிடையாது, தோல் மட்டும்தான். உடைந்த முனை ஒரு குத்துக் குத்தினால் வெளியே வந்துவிடும். வெளியே வந்த எலும்பில் மண்ணும் சாணியும் பட்டால் விஷயம் வேறு.

எங்கள் கிடேரிக்கு முறிந்திருந்தது அதற்கு மேலே, குதிகால் மூட்டுக்கும் தொடைக்கும் நடுவில் உள்ள எலும்பு. எக்ஸ்ரேயில் சாய்வாக, கரும்பை வெட்டியது போலத் தெரிந்தது. தோல் கிழியவில்லை. மாவுக்கட்டு போடலாமே என்று நான் கேட்டேன். முறிவுக்கு மேல் மூட்டு ஒன்று, கீழ் மூட்டு ஒன்று, இரண்டையும் சேர்த்து அசையாமல் பிடித்தால்தான் கட்டு பிடிக்கும். இந்த எலும்பின் மேல் மூட்டு வயிற்றோடு ஒட்டிக் கிடப்பதால் கட்டுக்குள் அடங்காது. அரைகுறையாகப் போட்டால், கட்டின் எடையே முறிந்த இடத்தில் கடிகாரப் பெண்டுலம் போல ஆடி, கிழியாத தோலையும் கிழித்துவிடும் என்றார்.

அடுத்து அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. "சார், மனுஷனைப் படுக்க வெச்சு ஆறு வாரம் காலைத் தூக்கிக் கட்டலாம். மாடு ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கே எழுந்து நிக்கும், நிக்கவும் வேணும். நீங்க பிளாக் வாங்காம லைன்ல வேலை செய்யற மாதிரிதான்."

டிராஃபிக் பிளாக் என்பது, வேலை முடியும் வரை வண்டி எதுவும் வராது என்ற உத்தரவாதம். மாட்டு டாக்டருக்கு அது கிடையாது. இணைத்த அன்றே முழுப் பாரமும் ஓடும். அதுவும் மாடு எழுந்திருக்கும் விதம் இருக்கிறதே! குதிரை முன்னங்காலை ஊன்றி எழும். மாடு முன்னங்காலை மண்டியிட்டுக் கொண்டு பின்புறத்தை முதலில் தூக்கும். அந்தக் கணத்தில் பின்னங்கால்கள் மேல் விழும் பாரத்தை நினைத்துப் பாருங்கள். இருந்தும் மாடு நல்ல நோயாளி என்கிறார்கள். பொறுமை அதிகம், பகலில் பாதி நேரம் படுத்து அசை போடும், காலில் கட்டு இருந்தால் அதற்கேற்ப நடக்கக் கற்றுக் கொள்ளும். குதிரை இவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

பிளேட் வைப்பதை எடுத்துக் கொள்வோம். தண்டவாளத் துண்டுகள் இரண்டை இணைக்க இருபுறமும் ஃபிஷ் பிளேட் வைத்து போல்ட் முடுக்குகிறோம். எலும்புக்கு எஃகுப் பிளேட்டை வைத்து ஸ்க்ரூவால் பிடிக்கிறார்கள். பெரிய மாடாக இருந்தால் ஒன்று போதாது, ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு வைப்பார்கள். 1958-இல் ஸ்விட்சர்லாந்தில் சில எலும்பு டாக்டர்கள் கூடி ஏ.ஓ. என்ற குழுவை அமைத்து, இந்தப் பிளேட்டுகளையும் அவற்றைப் பூட்டும் முறைகளையும் ஒழுங்குபடுத்தினார்கள். மிருகங்களுக்கான அதன் பிரிவு 1969-இல் வந்தது. அவர்கள் பிளேட்டில் எனக்குப் பிடித்தது அந்த ஓட்டை. வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக, உள்ளே சரிவாக இருக்கும். ஸ்க்ரூவை முடுக்கும்போது அதன் தலை சரிவில் வழுக்கி இறங்கும். இறங்கும்போது எலும்புத் துண்டை மற்றத் துண்டை நோக்கித் தள்ளும். முடுக்க முடுக்க இடைவெளி மூடிக் கொள்ளும். என்ன அழகான யோசனை!

இடைவெளி ஏன் மூட வேண்டும்? ஜாயிண்டின் கீழ் ஜல்லி தளர்ந்து வண்டிக்கு வண்டி ஆடினால், எவ்வளவு கெட்டியான ஃபிஷ் பிளேட்டும் ஒரு நாள் வெடிக்கும். ஒரு தரம் வளைப்பதால் உடைவதில்லை, ஆயிரம் தரம் வளைத்து நிமிர்த்துவதால் உடைகிறது. எலும்பிலும் அப்படியே. எதிர்ப்பக்கத்தில் இடைவெளி இருந்தால், மாடு வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பிளேட் கொஞ்சம் வளைந்து நிமிரும். எலும்பு கூடுவது முந்துகிறதா, இரும்பு களைப்பது முந்துகிறதா என்பதே பந்தயம். போல்ட் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விடுவதை நம் பி.வே. நண்பர்கள் பார்த்திருப்பார்கள். எலும்பிலும் துளை போட்ட இடம் பலவீனம். கம்பிக்கான துளை எலும்பின் குறுக்களவில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு முறை என்னை இன்னும் கவர்ந்தது. முறிவுக்கு மேலே நல்ல எலும்பில் குறுக்காக இரண்டு மூன்று தடித்த கம்பிகளைச் செலுத்தி, அவற்றின் முனைகள் இருபுறமும் வெளியே தெரிய, அதன் மேல் கட்டுப் போட்டுவிடுவார்கள். இப்போது மாட்டின் எடை எலும்பு வழியாக முறிவுக்கு வராது. கம்பியில் ஏறி, கட்டு வழியாக இறங்கி, நேராகத் தரைக்குப் போய்விடும். பழைய பாலத்தின் தூணை இடித்துக் கட்டும்போது வண்டியை நிறுத்தாமல் ரிலீவிங் கர்டர் போட்டு பாரத்தை மேலே தாங்கிக் கொண்டு போவோமே, அதேதான்! கம்பியின் பருமன் இங்கே முக்கியம். 3 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 6 மில்லிமீட்டர் போட்டால் இரண்டு மடங்கு விறைப்பு என்று நினைக்க வேண்டாம். 16 மடங்கு. டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம், அறுபது வயதுக்கு மேல் ஒரு கிடேரியின் காலில் உயிரோடு எதிரே வந்து நின்றது.

எங்கள் கிடேரிக்கு டாக்டர்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது முறை, வளையச் சட்டம். சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950-களில் மனிதர்களுக்காக உண்டாக்கியது. காலைச் சுற்றி நாலு உலோக வளையங்கள். வளையங்களை இணைத்து நெடுக்காகத் திருகுக் கம்பிகள். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் மெல்லிய கம்பிகள் தோலையும் எலும்பையும் ஊடுருவி மறுபக்கம் போய், இழுத்து முறுக்கப்பட்டிருக்கும். சைக்கிள் சக்கரத்தின் போக்குக் கம்பி ஒன்றைத் தனியாக எடுத்தால் விரலால் வளைத்துவிடலாம். எல்லாம் இழுவையில் நிற்கும்போது இரண்டு ஆளைச் சுமக்கும். தத்துவம் அதுதான். பெரிய கால்நடைகளுக்கு இந்த வளையங்களை எப்படிக் கெட்டிப்படுத்துவது என்பதில் இஸ்ஸத்நகரிலேயே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. காலை அதிகம் திறக்க வேண்டாம்; முறிந்த இடத்து ரத்த ஓட்டம் கெடாது; கழற்றிய வளையங்களைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து மறுபடி உபயோகிக்கலாம் என்பதும் நம் நாட்டுக்கு லேசான விஷயம் இல்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்தத் தம்பி, "சார், கண்டிப்பா சரியாயிடும்னு நான் எழுதித் தர மாட்டேன். வயசு சின்னது, எடை கம்மி, தோல் கிழியலை, நேத்து ஒடிஞ்சு இன்னைக்கே வந்துட்டாங்க. இந்த நாலும் நமக்குச் சாதகம். வீட்டுல ரெண்டு மாசம் பார்த்துக்கிறதுதான் பாதி வைத்தியம். அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

நான் ஹிந்தியில் சொன்னேன். பால்காரர் தலையில் கையை வைத்துக் கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கணக்கைக் குறை சொல்ல முடியாது. இன்னும் ஒன்றரை வருஷமாவது ஆகும் அது கறவைக்கு வர. அதுவரை தீவனம். மருந்து, கம்பி, எக்ஸ்ரே, டெம்போ வாடகை. பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளம் வேறு இருந்தது. நொண்டிக் கிடேரியை விற்க முடியாது. உத்தரப் பிரதேசத்தில் 1955-லிருந்து பசுவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. எருமை என்றால் வேறு. வைத்துத் தீவனம் போட வழியில்லாதவர்கள் இரவோடு இரவாக எங்காவது அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். அது ரோட்டிலும் தண்டவாளத்திலும் போய் நிற்கிறது. நான் வேலையில் இருந்தபோது பார்த்த சி.ஆர்.ஓ.க்களில் எத்தனை இப்படி வந்தவையோ என்று அன்று தோன்றியது.

முடிவு செய்தது அவர் மனைவி. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரே வார்த்தை: "இதன் தாய் 12 லிட்டர் கறக்கிறது. இதுவும் கறக்கும். வெட்டிப் பேச்சு எதற்கு, செய்யச் சொல்லுங்கள்."

மறுநாள் ஆபரேஷன். 24 மணி நேரம் தீனி கிடையாது. மாட்டின் முதல் வயிறு சாதாரணமானதா? வளர்ந்த மாட்டுக்கு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும், உள்ளே எப்போதும் புளிப்பேறி வாயு கிளம்பிக் கொண்டே இருக்கும். நிற்கும்போது ஏப்பமாக வெளியேறுகிறது. மயக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தால் வழி அடைபட்டு, வயிறு பந்தாக ஊதி மூச்சை அமுக்கும். தீனி எதிர்த்து வந்து நுரையீரலில் இறங்கினாலும் ஆபத்து. ஆகவே மாட்டுக்கு ஆழ்ந்த மயக்கத்தை முடிந்த வரை தவிர்த்து, லேசாக ஆற்றி, முதுகுத் தண்டில் ஊசி போட்டு மரத்துப் போகச் செய்து வேலை பார்க்கிறார்கள். ஆற்றுவதற்குப் போடும் ஸைலசின் என்ற மருந்து மாட்டுக்கு மிக உறைப்பு. குதிரைக்குப் போடும் அளவில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இரண்டரை மணி நேரம் நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். பால்காரர் பீடி பற்றவைத்துப் பற்றவைத்து அணைத்தார். சாயந்திரம் கிடேரி எழுந்து நின்றது. நாலு வளையங்களோடு அந்தப் பின்னங்காலைத் தரையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு ஊன்றியது.

வீட்டு வைத்தியம்தான் நீளமானது. காஷன் ஆர்டர் போட்ட லைன் மாதிரி: ஓடலாம், வேகம் கூடாது. கிடேரியைத் தனியாகக் கட்டி, வழுக்காமல் மணலும் வைக்கோலும் பரப்பி, கம்பி தோலில் நுழையும் ஒவ்வொரு இடத்தையும் தினமும் மருந்து நீரால் துடைத்தார்கள். இதில் பெரிய எதிரி ஈ. ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். அந்தப் பெண் தன் குழந்தையின் கொசுவலையைக் கிழித்து வளையங்களைச் சுற்றித் தைத்துவிட்டாள். மொஹல்லாவில் எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிள்ளைகள் "டவர் வாலி" என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு கம்பியின் அடியில் சீழ் கட்டி, கிடேரி காலைத் தூக்கியது. டாக்டர் அந்தக் கம்பியை எடுத்துவிட்டு மற்றவற்றை மறுபடி முறுக்கினார். ஐந்தாம் வார எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு திரட்சி தெரிந்தது. தண்டவாளத்தை வெல்டு செய்தால் ஜாயிண்டைச் சுற்றிக் காலர் போலப் புடைக்குமே, அதே. வித்தியாசம், நாம் உளியும் கிரைண்டரும் வைத்துச் செதுக்குகிறோம். எலும்பு தன் மேல் ஓடும் பாரத்தைப் பார்த்துத் தானே தன்னைச் செதுக்கிக் கொள்கிறது. ஜூலியஸ் வோல்ஃப் என்ற ஜெர்மன் டாக்டர் 1892-லேயே இதை எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வாரம் வளையங்களைக் கழற்றினார்கள்.

கால் அச்சு அசலாகப் பழையபடி ஆகவில்லை. குளம்பு சற்று வெளிப்புறம் திரும்பி நிற்கிறது. ஓடும்போது ஒரு சாய்வு தெரியும். ஆனால் அது சினை பிடித்து, கன்று போட்டு, பால் கறக்கிறது. 12 லிட்டர் இல்லை, 9 என்கிறார் பால்காரர். பால்காரர்கள் சொல்லும் கணக்கை நாம் எப்படி எடுத்துக் கொள்வது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

அடுத்த குளிர்காலத்தில் அதே மொஹல்லாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு முர்ரா எருமை, கறவையில் இருந்தது, முன்னங்காலில் அந்த ஒற்றை எலும்பு ஒடிந்தது. தோல் கிழியவில்லை. நான் மேலே சொன்னபடி கட்டுக்கு அடங்கும் இடம். வீட்டுக்காரர் கட்டுப் போடுகிற ஒரு பயில்வானை அழைத்து வந்தார். அவர் முட்டையும் சுண்ணாம்பும் தடவிய துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, ஏழு நாள் பிரிக்கக் கூடாது என்று சொல்லிப் போனார். நம் பக்கத்தில் ஆந்திராவின் புத்தூர்க் கட்டுக்கு இன்றும் ஜனங்கள் வண்டி ஏறிப் போகிறார்கள். கட்டுத் தெரிந்த கைகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒடிந்த இடம் முதல் இரண்டு மூன்று நாள் வீங்கும். வீக்கத்துக்கு இடம் விடாமல் இறுக்கினால் ரத்தம் கீழே இறங்காது. ஐந்தாம் நாள் நாற்றம் வந்து பிரித்தபோது குளம்பு சில்லென்று இருந்தது. குளம்பு ஓட்டின் விளிம்பு பிரிந்து வந்தது. அந்த நிலையில் எந்தப் பிளேட்டும் எந்த வளையமும் உதவாது. எட்டாம் நாள் எருமை இறந்தது. அந்த வீட்டில் வேறு மாடு கிடையாது.

நம்மில் பலருக்கு ஊரில் இன்னும் தொழுவம் இருக்கிறது; அண்ணன் வீட்டிலோ மைத்துனர் வீட்டிலோ மாடு கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்காக அந்த நாமக்கல் தம்பியிடம் கேட்டு வைத்துக் கொண்டது இது. மாடு கால் ஒடிந்து கிடந்தால் முதல் வேலை எழுப்பாமல் இருப்பது. அடித்து எழுப்பி நடக்க வைத்தால் ஒவ்வொரு அடியும் எலும்பு முனையால் உள்ளிருந்து குத்துகிற குத்து. முன்னங்கால் முழங்காலுக்கோ பின்னங்கால் குதிகாலுக்கோ கீழே ஒடிந்திருந்தால், பஞ்சோ பழைய துணியோ கனமாகச் சுற்றி, பி.வி.சி. குழாயை நெடுக்காகப் பிளந்து இரண்டு பக்கமும் வைத்து, குளம்பு முதல் ஒடிந்த இடத்துக்கு மேல் மூட்டைத் தாண்டிக் கட்ட வேண்டும். குழாய் இல்லாவிட்டால் மூங்கில் பிளாச்சு. ஒடிந்த இடத்தோடு சிம்பு நின்றுவிட்டால் கட்டாமல் இருப்பதே நல்லது. அது நெம்புகோலாக வேலை செய்யும். தொடையிலோ தோள் பக்கமோ ஒடிந்திருந்தால் சிம்பு வேண்டாம், அப்படியே வண்டியில் ஏற்ற வேண்டும். எலும்பு வெளியே தெரிந்தால் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, சுத்தத் துணியால் மூட வேண்டும். மஞ்சள், சாணி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வண்டியில் வைக்கோல் பரப்பி, நெஞ்சு தரையில் படியும்படி படுக்க வைத்துக் கொண்டு போக வேண்டும்.

கன்று போடும்போது இழுக்க வேண்டி வந்தால், கயிற்றைக் குளம்புக்கு மேல் உள்ள கணுவுக்கு மேலே ஒரு சுற்றும், கீழே ஒரு சுருக்கும் போட்டால் இழுவை ஒரே இடத்தில் விழாது. டிராக்டரைக் கட்டி இழுப்பதாக இன்னும் கேள்விப்படுகிறேன். அதில்தான் கன்றின் தொடை எலும்பு போகிறது. கால் ஒடிந்து பிறந்த கன்றுக்குக் காலைப் பார்க்கும் அவசரத்தில் சீம்பாலை மறந்துவிடுகிறார்கள். அது எழுந்து நின்று குடிக்க முடியாது. முதல் ஆறு மணி நேரத்துக்குள், அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பாலைக் கறந்து புட்டியில் புகட்டிவிட வேண்டும். சீம்பால் இறங்காத கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இராது. எலும்பைச் சரியாகச் சேர்த்தாலும் சீதபேதியிலோ காய்ச்சலிலோ போய்விடும்.

1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். தமிழ்நாட்டிலும் அதே எண்தான், கட்டணமில்லாத அழைப்பு. பேசும்போது எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, தோல் கிழிந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு ஒடிந்தது, மாட்டின் வயது என்ன, சினையா இல்லையா என்பதைச் சொல்லிவிட்டால், வருகிறவர் அதற்கு வேண்டிய சாமானோடு வருவார்.